சின்னக் குழாய் ஆன்டெனாவில் ‘25 டிபிஐ’ என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள்

கிராமத்தில் வைஃபையைத் தூரத்து வீடுகளுக்குக் கொண்டுபோக ஆன்டெனா தேடுகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் இரண்டு தடவை ஏமாந்தேன், அதுவும் ஒரே ஆளிடம்.

எங்கள் வீட்டில் இணைய இணைப்பு இருக்கிறது. வயல் தாண்டி ஒன்றரை கிலோமீட்டரில் அண்ணன் வீடு. அவர் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு. விற்றவர், "சார், இது எல்லாத் திசையிலும் அடிக்கும், 25 டிபிஐ, மூணு கிலோமீட்டர் அசால்ட்டா போகும்" என்றார். டிபிஐ என்பது ஆன்டெனா சிக்னலை எவ்வளவு குவிக்கிறது என்பதன் அளவு. கூடவே பதினைந்து மீட்டர் மெல்லிய கேபிளும் கொடுத்தார். ஆள் வைத்துக் கம்பம் நட்டு மாட்டினோம். அண்ணன் வீட்டில் ஒன்றுமே வரவில்லை. எங்கள் வாசலிலேயே முன்பு கிடைத்த சிக்னல் குறைந்துபோனது.

போன் செய்தால் "உங்க பக்கம் மரம் அதிகம் சார், பூஸ்டர் போடுங்க" என்றார். அதையும் வாங்கினேன். அப்போது பாதி வழியில் போனில் சிக்னல் கோடு முழுசாகக் காட்டியது, ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. பூஸ்டர் நம் பக்கத்துக் குரலைத்தான் பெரிதாக்குகிறது; போனின் சின்னக் குரல் திரும்பி இங்கே கேட்க வேண்டுமே! கோட்டைப் பார்த்து ஏமாந்ததில் ஒரு மாதம் போனது. அந்தப் பெண் மொட்டை மாடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

கடைசியில் அந்தக் குழாயை ரம்பத்தால் அறுத்தேன். முழ நீளக் குழாய்க்குள் விரல் நீளத்துக்கு ஒரு கம்பி, அதன் கீழே சின்னப் பித்தளைக் குழல். மீதி முழுக்கக் காலி. ரூட்டரோடு வரும் குச்சி ஆன்டெனாவுக்குள் இருப்பதும் இதுதான்.

ஆன்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. இருப்பதை ஒரு பக்கமாகக் குவிக்கிறது, அவ்வளவுதான். எல்லாத் திசைக்கும் போகும் வகையில், வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 12 டிபிஐ வேண்டுமென்றாலே குழாய் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு 3 டிபிஐ கூடவும் நீளம் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். 25 என்றால் இருபது மீட்டர் வரும்! அப்படியே செய்தாலும் கதிர் தட்டையாகிவிடும். உயரத்தில் மாட்டினால் கீழே பக்கத்து வீடுகளுக்குக் கிடைக்காது. 25 டிபிஐ உண்மையாகவே கிடைப்பது ஒரே திசை பார்க்கும் கிரிட் (கம்பிவலைத் தட்டு), டிஷ் போன்ற வகைகளில்தான்.

அப்புறம் அந்த கேபிள். ஆர்ஜி 58 வகை மெல்லிய கேபிளில் இந்த அலைவரிசை பத்து மீட்டர் ஓடினால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆன்டெனா நல்லதாகவே இருந்திருந்தாலும் இதிலேயே போயிருக்கும்.

இப்போது இரண்டு வீட்டுக் கூரையிலும் ஒன்றையொன்று பார்த்தபடி, ரேடியோவும் ஆன்டெனாவும் சேர்ந்தே வரும் திசைக் கருவிகளை மாட்டியிருக்கிறோம். மேலே போவது சாதாரண ஈதர்நெட் கேபிள், மின்சாரமும் அதிலேயே. நூறு மீட்டர் வரை கவலையில்லை. அண்ணன் வீட்டுக்குள் தனியாக ஒரு சின்ன வைஃபை ரூட்டர். கம்பத்தை மட்டும் உயர்த்த வேண்டியிருந்தது. எதிர்வீடு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒன்றரை கிலோமீட்டருக்கு நடுவழியில் அந்த நேர்க்கோட்டைச் சுற்றி ஏறக்குறைய ஏழு மீட்டர் இடம் அலைக்குத் தேவைப்படுகிறது, அதில் பெரும்பகுதியாவது மரம் மட்டை இல்லாமல் இருக்க வேண்டும்.

வாங்கும் முன், எந்தத் திசையில் எவ்வளவு சிக்னல் போகும் என்று காட்டும் கதிர்வீச்சு வரைபடம் கேளுங்கள். கிடைமட்டம், செங்குத்து இரண்டும் வேண்டும். கேபிளின் வகைப் பெயரையும், மீட்டருக்கு எவ்வளவு இழப்பு என்பதையும் எழுதி வாங்குங்கள். நான் கேட்டபோது அவர் "அதெல்லாம் கம்பெனி தராது சார்" என்றார். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். அறுத்த குழாயைப் படமெடுத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன், பதில் இல்லை. அதே குழாயை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்.