முழுத் துப்பாக்கியா, லாக் பிளேட்டா, பயனெட்டா, மெடலா? வேலூர்ப் பக்கம் சேகரிப்பவர்களுக்கு

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கம் பழைய ராணுவப் பொருள் சேகரிக்க ஆசைப்படுகிறவர்களிடம் வியாபாரிகள் நீட்டுவது பெரும்பாலும் நான்கு சாமான்கள்தான்: முழு மருந்துத் துப்பாக்கி, அதிலிருந்து கழற்றிய லாக் பிளேட் (சுடும் பொறியைத் தாங்கும் பக்கவாட்டு இரும்புத் தகடு), பயனெட் (துப்பாக்கி முனையில் செருகும் கத்தி), மெடல். நான்கிலும் போலி உண்டு. ஆனால் வாங்குகிறவர் போலியைப் பிடிக்கும் வாய்ப்பு நான்கிலும் ஒன்றுபோல இல்லை. என் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெடல் முதலில், அப்புறம் பயனெட். லாக் பிளேட், முத்திரைகளைப் படித்துத் தெரிந்தவர்களுக்கு. முழுத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம்.

முழுத் துப்பாக்கி விற்கிறவர் இரும்பையும் கட்டையையும் விற்பதில்லை, கதையை விற்கிறார். நம் ஊரில் அந்தக் கதை எப்போதும் 1806 ஜூலை 10தான். 'கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த அன்று வெடித்த துப்பாக்கி' என்றால் விலை எங்கோ போய்விடும். அந்தச் சிப்பாய்களின் நினைவை நாம் பெரிதாக மதிக்கிறோம். அதனால்தான் இந்தப் புரட்டு எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது குழலின் பின்முனையில், பக்கவாட்டில் இருக்கும் நெருப்புத் துளை. துளையை ஒட்டி வெளியே இருக்கும் சிறு கிண்ணத்தில் பற்றும் மருந்தின் தீ அந்தத் துளை வழியாகத்தான் உள்ளே போகும். அலங்காரத்துக்கும் ஏற்றுமதிக்கும் இப்போது செய்யப்படும் நகல்கள் பலவற்றில் இந்தத் துளையே போட்டிருக்க மாட்டார்கள். ஏமாற்றுகிறவர் பின்னால் டிரில் போட்டுத் திறந்திருந்தால் துளையின் விளிம்பு கூராக, வட்டம் கெடாமல் இருக்கும். நிஜமாகவே சுட்ட துப்பாக்கியில் அந்த இடம் தீயால் அரித்துச் சுற்றிலும் குழிந்திருக்கும். அடுத்தது, அடிக்கும் விதம். சிக்கிமுக்கிக் கல்லுக்குப் பதில் கேப் (அடித்தால் வெடிக்கும் சிறு உலோக மூடி) வைத்து அடிக்கும் துப்பாக்கி என்றால் 1806 என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த முறை கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு வந்தது 1840 வாக்கில்.

இதைவிடப் பெரிய கண்டம் சட்டம். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு 'பழசுக்கு லைசென்ஸ் தேவையில்லை' என்று நம்புகிறவர்கள் நிறைய. அமெரிக்காவில் 1898 வரை செய்த துப்பாக்கியை அந்நாட்டு மத்தியச் சட்டம் பழம்பொருளாகத் தனியே வைக்கிறது. இங்கே அப்படி இல்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த மாதிரிக்கும் பழம்பொருள் மதிப்புள்ளதற்கும் விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். ஜவ்வாது மலையில் காட்டுப் பன்றிக்கு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியைத் துருவேற்றி 'கம்பெனி காலத்தது' என்று ஒருவர் தலையில் கட்டிவிட்டால், வாங்கியவர் பணத்தையும் இழந்து, லைசென்ஸ் இல்லாத ஆயுதம் வைத்திருந்த வழக்கிலும் மாட்டுவார். விற்றவர் போன் எடுக்க மாட்டார்.

லாக் பிளேட் அப்படியில்லை, அது பேசும். கம்பெனித் துப்பாக்கிகளில் முதலில் இருந்த முத்திரை இதய வடிவம். அதைக் கோடுகளால் பிரித்து உள்ளே கம்பெனியின் எழுத்துகளைப் பொறித்திருப்பார்கள். 1808 வாக்கில்தான் அதை மாற்றி, பின்னங்கால்களில் நிற்கும் சிங்கத்தைக் கொண்டுவந்தார்கள். ஆகவே சிங்க முத்திரை போட்ட பிளேட்டைக் காட்டி 'வேலூர்ப் புரட்சி' என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம். கிரீடமும், ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ஜி.ஆர். எழுத்தும், பிளேட்டின் வால் பக்கம் லண்டன் டவரைக் குறிக்கும் டவர் என்ற சொல்லும் இருந்தால் அது இங்கிலாந்து அரசுப் படையின் முத்திரை, சிப்பாய்களுடையது அல்ல. அதிலும் 1806 என்று ஆண்டு பொறித்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அரசுத் துப்பாக்கி லாக்குகளில் ஆண்டு போடும் வழக்கம் 1764 வாக்கிலேயே நின்று, கேப் காலத்தில்தான் திரும்பி வந்தது.

வார்ப்பா, குத்தா என்பது அடுத்த சோதனை. உளியாலும் அச்சாலும் குத்திய எழுத்தின் அடி ஆழமாகவும் ஓரம் தெளிவாகவும் இருக்கும். அசலை அச்செடுத்து வார்த்த நகல் பிளேட்டில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, உள்ளே பொடிப் பொடிக் குழிகள் தெரியும். பூதக்கண்ணாடி போதும். துருவும் காட்டிக்கொடுக்கும். உப்பிலும் அமிலத்திலும் ஊறவைத்த துரு செம்மண் நிறத்தில் மேலாகப் படிந்து, துணியால் துடைத்தால் கையோடு வரும். நூறு வருடத் துரு கருத்து, இரும்போடு இறுகிப் போயிருக்கும்.

இவ்வளவு இருந்தும் லாக் பிளேட்டை நான் மூன்றாவதாகத்தான் வைக்கிறேன். ஆயுதம் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் பாகங்களும் அடங்கும். மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமில்லாத சிறு பாகத்துக்குத்தான் அதே 45-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. பிளேட் ஒன்று, குழல் ஒன்று, கட்டை ஒன்று என்று சேர்த்து ஒருநாள் முழுத் துப்பாக்கியாகக் கோர்க்கலாம் என்ற ஆசை வந்தால் விலக்கு போய்விடும். சந்தையில் 'ஒரிஜினல்' என்று உலவுவதில் பலவும் அப்படிக் கோர்த்தவைதான். நல்ல லாக், எங்கிருந்தோ வந்த குழல், புதிய மரம், மேலே கருப்புச் சாயம். ஒரு நிஜப் பாகத்தை முன்னால் காட்டி மற்ற எல்லாவற்றையும் நிஜமாக்கிவிடுவார்கள்.

பயனெட்டில் ஏமாற்ற இடம் குறைவு, காரணம் அதன் எண்ணிக்கை. லீ என்ஃபீல்டு ரைஃபிளுக்கு வந்த 1907 மாதிரி, 17 அங்குல அலகு, ஏராளமாகச் செய்யப்பட்டது. வங்காளத்தின் இச்சாப்பூர் ஆலையிலும் செய்தார்கள், அதில் ஆர்.எஃப்.ஐ. (ரைஃபிள் ஃபேக்டரி இச்சாப்பூர்) என்று இருக்கும். சாதாரணமான ஒன்றைப் போலியாகச் செய்து யாரும் சம்பாதிக்க முடியாது. விதிவிலக்கு ஒன்றுதான்: கொக்கி. தொடக்கத்தில், பிடிக்கும் அலகுக்கும் இடையே உள்ள இரும்புக் குறுக்குக் கட்டையின் கீழ்முனை கொக்கியாக வளைந்திருந்தது. 1913-இல் பிரிட்டனில் அதை எடுத்துவிட்டார்கள். கொக்கி உள்ளதற்கு விலை அதிகம் என்பதால் சாதாரண பயனெட்டில் கொக்கியை வெல்டிங் செய்து விற்கிறார்கள். கட்டையின் ஓரத்தில் அரம் தேய்த்த தடமும், பாலிஷுக்கு அடியில் நிறம் மாறிய கோடும் தெரிகிறதா பாருங்கள். பிடிக்கு அருகே கிரீடத்தின் கீழ் விக்டோரியா ராணியின் வி.ஆர். எழுத்து இருந்தாலும் விட்டுவிடுங்கள். அவர் 1901-லேயே இறந்துவிட்டார், 1907 மாதிரியில் அவர் முத்திரைக்கு வேலையில்லை. பயனெட்டும் ஆயுதச் சட்டப் பட்டியலில் வருவதுதான், உங்கள் பகுதி நிலவரத்தை விசாரித்த பிறகு வாங்குங்கள்.

மெடலுக்கு வருவோம். கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பிய ஊர்கள் நம் பக்கம் இருக்கின்றன. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வார் மெடல் 36 மில்லிமீட்டர் வெள்ளி வட்டம், விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு. தொழிலாளர் படைக்குப் போன நம்மவர்களுக்கு அதே மெடல் வெண்கலத்தில் வந்தது. விளிம்புப் பெயரே அதன் உயிர், ஏமாற்றும் அங்கேதான். சாதாரணப் பெயரை அரத்தால் தேய்த்துவிட்டு, விலை போகும் படைப்பிரிவின் பெயரைப் புதிதாகச் செதுக்குவார்கள். காலிப்பர் வைத்து அளந்தால் குட்டு உடையும், தேய்த்த மெடல் குறுகியிருக்கும். எழுத்தும் பார்க்க வேண்டும். அந்தப் போரின் மெடல்களில் பெயர் அச்சால் குத்தியது, கையால் கீறியது அல்ல. திப்புவின் குடும்பம் இந்தக் கோட்டையில் இருந்ததைச் சொல்லி 1799 ஸ்ரீரங்கப்பட்டண மெடல் என்று புலியைச் சிங்கம் வீழ்த்தும் வட்டத்தை நீட்டுவார்கள். இங்கிலாந்தில் அடித்தது 48 மில்லிமீட்டர், கல்கத்தாவில் அடித்தது 45. ஓரத்தில் வார்ப்புக் கோடு தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

மெடலில் இன்னொரு அநியாயம் விற்கும் குடும்பத்துக்கு நடக்கிறது. பாட்டனார் மெடலை வெள்ளி எடைக்கு விலை பேசி வாங்கி, படைப்பிரிவின் பெயருக்காகப் பல மடங்குக்கு விற்கிறவர்கள் உண்டு. வீட்டார் விற்க விரும்பினால் விளிம்பில் இருப்பதை முழுவதும் படித்துக் காட்டி, அதன் மதிப்பு என்ன என்று சொல்லிவிட்டு விலை பேசுங்கள். டிஸ்சார்ஜ் சான்றிதழ், பட்டாளப் போட்டோ இருந்தால் மெடலோடு சேர்த்தே வாங்குங்கள், தர விரும்பாவிட்டால் நகலாவது எடுங்கள். மெடலை ஒருவருக்கும் காகிதத்தை இன்னொருவருக்கும் பிரித்து விற்கும் வியாபாரியிடம் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.