காலிக்ஸ் லோய்ரோம்: விலைக்குத் தகுந்த சினையா?

ஸ்வீடனின் வடகோடியில், போத்னிய வளைகுடாவின் உச்சியில் பிடிபடும் வெண்டேஸ் மீனின் சினை இது. பெயருக்குத்தான் கடல். ஆறுகள் வந்து கொட்டுவதால் உப்பு மிகக் குறைவு. அதனால் குளிர்ந்த ஏரிகளில் வாழும் இந்த வெள்ளைமீன் இனம் அங்கேயும் செழிக்கிறது. கீழ்த்தாடை துருத்தியிருக்கும், சாண் நீளம்கூட வராத மீன். இலையுதிர்காலத்தில் முட்டையிடும், அதற்குச் சற்று முன்பு சில வாரங்கள்தான் சினைக்கான பிடிப்பு. ஒவ்வொரு மீனாகப் பிதுக்கி, கழுவி, வடித்து, உப்பிட வேண்டும். விலை ஏன் எகிறுகிறது என்பது இப்போது புரியும்! 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தோற்றப்பெயர்ப் பாதுகாப்பும் உண்டு; அதாவது, அந்தப் பகுதியில் தயாரானதை மட்டுமே இந்தப் பெயரில் விற்கலாம். முத்திரையைப் பார்த்தே வாங்குங்கள்.

ஆரஞ்சு நிறப் பொடிமணிகள், மென்மையான உப்பு, சன்னமான மொறுமொறுப்பு. சால்மன் சினைபோல வாயில் வெடிக்காது.

பெரும்பாலும் உறைந்தே வரும். வெந்நீரிலோ மைக்ரோவேவிலோ வைத்தால் மணித்தோல் கிழிந்து கூழாகிவிடும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க இளகவிட்டு, பிறகு நுண்வடிகட்டியில் நீர் வடியவிடுங்கள். இதைத் தவிர்த்தால் ரொட்டி ஊறிப்போகும். வெண்ணெயில் பொரித்த ரொட்டி, புளித்த பாலேடு, நறுக்கிய சிவப்பு வெங்காயம் போதும். எலுமிச்சை தாராளமானால் சினையின் ருசி காணாமல் போகும். மீந்ததை மறுபடி உறையவைக்காதீர்கள்.