சுங்கை சிப்புட் 'நிலையம்': 20 வெள்ளிக்கு ஒரு முகம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கிற இந்த முடிதிருத்தும் கடைக்கு ஒரு காலத்தில் முழுப்பெயர் இருந்திருக்கிறது. வெயிலில் பலகையின் முன்பாதி வெளுத்துப்போய் இப்போது 'நிலையம்' மட்டும்தான் மிச்சம். ரயில் நிலையத்துக்குப் போகிற பக்கத்தில் இருப்பதால், வெளியூர்க்காரர் ஒருவர் டிக்கெட் கேட்டு உள்ளே வந்துவிட்டாராம். முடி வெட்டுகிற கடைக்கார அண்ணன் சொன்ன கதை, எவ்வளவு உண்மையோ.

எனக்கு வயது 51. கையுறைத் தொழிற்சாலையில் 14 வருடம் பாக்கிங் வேலை. ஆள் குறைத்தபோது என் பெயரும் பட்டியலில் வந்தது. வேலை போனவர்களுக்கு பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் தருகிற வேலை காப்புறுதியில் முதல் மாதம் பழைய சம்பளத்தில் 80 விழுக்காடு வந்தது. வீட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கடைசி மாதம் அது 30 விழுக்காடு. வீட்டுக்கு வருகிற அரிசி மூட்டையின் அளவிலேயே தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் கோல கங்சாரில் ஓர் இரும்புச் சாமான் கிடங்கில் ஸ்டோர் வேலைக்கு நேர்காணல். வீட்டுக்காரி 50 வெள்ளி (ரிங்கிட்) நோட்டை நீட்டி, "இதுக்குள்ளயே மனுசனா வந்து நில்லுங்க" என்றாள்.

வியாழக்கிழமை நேர்காணல். திங்கள் போனேன், கடை மூடல். செவ்வாய் காலை போய் உட்கார்ந்ததும் நான் கேட்டது மீசைக்கும் தலைக்கும் கருப்புச் சாயம். அண்ணன் கண்ணாடி வழியாக என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சாயம் போட்டா எனக்கு 25 வெள்ளி கெடைக்கும் தம்பி. ஆனா வியாழக்கிழமை மீசைதான் இன்டர்வியூக்குப் போகும், நீங்க பின்னாடி போவீங்க."

இரண்டு வருடத்துக்கு முன் தீபாவளிக்குப் பாக்கெட் சாயம் ஒன்றை அவசரத்தில் பூசி, நெற்றி ஓரமெல்லாம் அரித்து, பொங்கிப்போய்ப் பட்சணத்தோடு மருந்துக் கடைக்கு அலைந்தவன் நான். பாக்கெட்டின் பின்னால் 48 மணி நேரத்துக்கு முன்பே கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்லித்தான் எழுதியிருந்தது, யார் படித்தது? கருப்புச் சாயங்களில் பெரும்பாலும் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதை அண்ணனிடம் சொன்னதும், "அப்ப பேச்சே வேணாம்" என்று சாயப் பேச்சை முடித்துவிட்டார். கையில் வருகிற 25 வெள்ளியை வேண்டாம் என்கிற கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை.

பதிலுக்குச் செய்தது சின்னச் சின்ன வேலைகள். மீசையை உதட்டுக்கு மேலே ஒரு கோடு ஏற்றினார். தொங்கிக்கொண்டிருந்த இரண்டு நுனியையும் எடுத்தார். புருவத்தில் தனியாக நீட்டிக்கொண்டிருந்த நாலைந்து முடி, காதுக்குள் முளைத்தது, மூக்கு ஓரம். காது முடி எனக்கு இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருடம் கட்டிக்கொண்டவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நரை அப்படியே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் குட்டையாக வெட்டியதால் நரையும் கருப்பும் கலந்து, வேண்டுமென்றே வைத்துக்கொண்டது போல ஆகிவிட்டது.

சவரத்தை அன்றைக்குச் செய்யவில்லை. "புதன் சாயங்காலம் வாங்க. காலையில செஞ்சா செவந்துபோய் உக்காந்திருப்பீங்க" என்றார். புதன் வந்தேன். வெந்நீரில் பிழிந்த துண்டை முகத்தில் மூன்று நிமிடம் போர்த்தினார். முடி தண்ணீரை இழுத்து மென்மையானால்தான் கத்தி இழுக்காது என்பது அவர் கணக்கு. புது பிளேடை என் கண்முன் உடைத்துக் கத்தியில் சொருகினார். இதை எந்தக் கடையிலும் கேட்டு வாங்குங்கள். முடி வளர்ந்த திசையிலேயே ஒரு முறை, அவ்வளவுதான். எதிர்த்திசையில் வழிக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார். கடைசியில் ஈரப் படிகாரக் கட்டி. சுர்ரென்று எரிந்தது, வாசனைத் தண்ணி எதுவும் இல்லை.

கழுத்தைத் திருப்பி 'மடக்' என்று சொடக்கு எடுப்பதும் இங்கே கிடையாது. கேட்கிற பையன்களைத் திட்டுகிறார். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம் என்பதால் அவர் திட்டுவதில் எனக்கு உடன்பாடுதான்.

நான் எல்பில் தோட்டத்தில் வளர்ந்தவன். 1948இல் கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரத் துரையை (தோட்ட மேலாளரை) சுட்டு, நாட்டில் அவசரகாலம் ஆரம்பித்த கதையில்தான் எங்கள் தோட்டத்தின் பெயர் வெளியே தெரியும். லயத்து வாசலில் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு போட்டு வெட்டுவார்கள். எல்லாப் பையனுக்கும் ஒரே வெட்டு, அழுதால் தலையில் ஒரு குட்டு. இவருடைய அப்பாவும் தோட்டம் தோட்டமாக சைக்கிளில் போய் வெட்டியவராம். அந்த வேகம் இவருக்கும் இருக்கிறது, குட்டுதான் இல்லை.

மூன்று நாற்காலி, ஆள் ஒருவர். 2009இல் முடிதிருத்தும் கடைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பதை அரசாங்கம் நிறுத்தியது. 2023இல் திரும்ப அனுமதித்ததாகப் பத்திரிகையில் படித்தோம். இங்கே இன்னும் இரண்டு நாற்காலி காலி. அதனால் சனிக்கிழமை போனால் ஒன்றரை மணி நேரம் மின்னல் எஃப்எம் கேட்டுக்கொண்டே காத்திருக்க வேண்டும். மின்விசிறி சுற்றுகிறது, காற்று வருகிறது என்று சொல்ல முடியாது. துண்டுகள் சுத்தம், ஆனால் பழசு. கியூஆர் கிடையாது, கையில் காசு வேண்டும்.

வெட்டு 13, சவரம் 7. மீதி 30இல் பழைய துணி விற்கிற பண்டல் கடையில் 8 வெள்ளிக்கு வெளிர்நீலச் சட்டை (காலர் உள்பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள், நான் இரண்டைத் தள்ளினேன்), காலுறை 4, மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் 5. 13 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தபோது வீட்டுக்காரி நோட்டைத்தான் முதலில் பார்த்தாள், அப்புறம் முகத்தை.

கிடங்கு மேலாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் கேள்வியே போர்க்லிப்ட் ஓட்டுவீர்களா என்பது. முகத்தைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் பதில் சொல்லும்போது மீசையைத் தடவவில்லை, தலையைச் சொறியவில்லை. கை இரண்டும் மடியிலேயே கிடந்தன. வழக்கமாக என் கை அப்படிக் கிடக்காது. கூப்பிடுகிறோம் என்றார்கள். ஒன்பது நாள் ஆகிறது.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்று குறைந்தது மின்விசிறிக்கு. செவ்வாய், புதன் காலையில் போனால் கூட்டம் இருக்காது. மூன்றாவது நாற்காலியில் நாளிதழ்கள் அடுக்கியிருக்கும். படித்தால் அதே இடத்தில் வைத்துவிடுங்கள். குறுக்கெழுத்தை அண்ணன் பாதியில் விட்டிருப்பார், பேனாவை எடுத்துவிடாதீர்கள்.