மரணக் காரணம்: மருத்துவரின் படிவம் போதுமா, உடற்கூறாய்வு கேட்பதா?

மருத்துவமனையில் ஒருவர் இறந்ததும் சில குடும்பங்கள் தவிக்கும் கேள்வி இது. (காவல்துறை விசாரிக்கும் மரணம் என்றால் இந்தத் தேர்வு நம் கையில் இல்லை.)

துல்லியம்

படிவம் 4 (மரணக் காரணத்துக்கான மருத்துவச் சான்றிதழ்): சிகிச்சை தந்த மருத்துவரின் கணிப்பு. உடனடிக் காரணம், அதற்கு முந்தியது, அடிப்படை நோய் என்று வரிசையாக எழுத வேண்டும். பல படிவங்கள் ‘இதயம் நின்றது’ என்பதோடு முடிந்துவிடுகின்றன. அது காரணமே இல்லை. ஏன் நின்றது என்பதுதான் வேண்டும்.

உடற்கூறாய்வு: உறுப்புகளையே பார்க்கிறது. நுரையீரலில் அடைத்த ரத்தக்கட்டி போன்றவை இதில் பிடிபடும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2003ஆம் ஆண்டுக் கட்டுரையில், உயிரோடிருந்தபோது பெரிய நோயறிதல் தவறவிடப்பட்டது உடற்கூறாய்வில் தெரியவந்த விகிதத்தின் நடுமதிப்பு 23.5 சதவீதம்.

செலவு

படிவம்: இலவசம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தப்படி நெருங்கிய உறவினருக்கும் ஒரு பிரதி தர வேண்டும். கட்டாயம் கேட்டு வாங்குங்கள். இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது.
உடற்கூறாய்வு: மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். வசதியே இல்லாத இடங்களும் உண்டு.

நேரம்

படிவம்: உடனே.
உடற்கூறாய்வு: உடல் கைக்கு வரத் தாமதமாகும், திசு முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சரி, யாருக்கு எது? நெடுநாள் தெரிந்த நோயால் இறந்த முதியவருக்குப் படிவம் போதும். அடிப்படை நோய் வரியையும் விடாமல் நிரப்பச் சொல்லுங்கள். இளவயதில், காரணம் பிடிபடாமல் இறந்தவர் என்றால் தயங்காமல் ஆய்வு கேளுங்கள். பரம்பரை இதயத்தசை நோய் என்று தெரிந்தால் உடன்பிறந்தவர்களுக்கு இப்போதே எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்க்கலாம்.