விருந்தாளி கையால டிரீட்டா, நம்ம கையாலயா? ரெஸ்க்யூ நாய்க்கு புது ஆளுங்களைப் பழக்கற வழிகள், ஒரு அலசல்

ரெஸ்க்யூ நாய், அதாவது யாரோ காப்பாத்தி மீட்டெடுத்த நாய் ஒண்ணு அடாப்ட் பண்ணிருக்கோம்னு வெளில தெரிஞ்சா போதும், ஆளாளுக்கு பார்க்க வரேன்னு கிளம்பிடுவாங்க. நாய் சோபாவுக்குப் பின்னாடி போய் ஒடுங்கிக்கும், இல்லன்னா வாசல்லயே நின்னு தொண்டை கிழிய குரைக்கும், அதைப் பார்த்துட்டு வந்தவங்க ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிட்டுப் போவாங்க. நாலு பேரோட பழக விடுங்கன்னு ஒருத்தர், அது பாட்டுக்கு விட்டுடுங்கன்னு இன்னொருத்தர், நான் ஒரு டிரீட் (பிடிச்ச தீனித் துண்டு) குடுத்தா என்கிட்ட ஒட்டிக்கும்னு எங்க மாமா. இப்ப எங்ககிட்ட இருக்கறது ரெண்டாவது ரெஸ்க்யூ. முதல் நாய்கிட்ட இந்த வைத்தியத்தை எல்லாம் கலந்துகட்டி செஞ்சு பார்த்து சொதப்பினவன்ங்கற ஒரே தகுதியில இதை எழுதறேன்.

நாலு பேர் மத்தியில விடறதா, சும்மா விடறதா

கூட்டத்துல கொண்டு போய் விட்டா தானா பயம் தெளிஞ்சுடும்ங்கறது ரொம்ப பழைய நம்பிக்கை, இதுக்கு ஃப்ளடிங்னு பேரே இருக்கு. இதுல இருக்கற பெரிய சிக்கல், பார்க்கறதுக்கு இது வேலை செஞ்ச மாதிரியே தெரியும். முதல் அரைமணி நேரம் நடுங்கின நாய் அப்புறம் அசையாம படுத்துடும், நாமளும் ஆகா பழகிடுச்சுடான்னு போட்டோ எடுத்துப்போம். 1967ல செலிக்மன், மையர்னு ரெண்டு உளவியல் ஆய்வாளருங்க நாய்ங்களை வச்சு ஒரு கொடூரமான சோதனை செஞ்சாங்க, தப்பிக்கவே முடியாத மாதிரி ஷாக் குடுத்த நாய்ங்கள்ல நிறைய, அப்புறமா தப்பிக்க வழி இருந்தும் எழுந்திரிக்காம அப்படியே கிடந்துச்சுங்க. நடு ஹால்ல அசையாம படுத்திருக்கற நம்ம நாயும் அப்படி கைவிட்டுட்ட நாயா இருக்கலாம், அமைதியான நாயாதான் இருக்கணும்னு இல்ல. கண்ணோட வெள்ளை ஓரமா தெரியுதா, வாய் இறுக்கமா மூடியிருக்கா, டிரீட் நீட்டினா மூஞ்சியைத் திருப்பிக்குதா, இதெல்லாம் பாருங்க.

சும்மா விடறது இதைவிட எவ்வளவோ மேல். ரெஸ்க்யூக்காரங்க 3-3-3னு ஒரு கணக்கு சொல்வாங்க, 3 நாள் மூச்சு விட, 3 வாரம் வீட்டு ரொட்டீன் புரிய, 3 மாசம் இது நம்ம வீடுன்னு தோண. தோராயக் கணக்குதான், எல்லா நாயும் காலண்டர் பார்த்து பழகாது, ஆனா முதல் ரெண்டு வாரம் விருந்தாளியே வேணாம்னு சொல்றதுக்கு நல்ல சாக்கு.

ஆனா அதையே மாசக்கணக்கா இழுத்தா அதுவும் உதவாது. குட்டி நாய்க்கு சுமார் 3 வாரத்துலேர்ந்து 14 வாரம் வரைக்கும்தான் புதுசா பார்க்கறதை எல்லாம் சுலபமா ஏத்துக்கற பருவம். அந்த நேரத்துல நல்லபடியா மனுஷங்களைப் பார்க்காம வளர்ந்த நாய், பெருசானப்புறம் நாம வேலை மெனக்கெட்டு சொல்லிக் குடுத்தாதான் கத்துக்கும். போதாக்குறைக்கு பார்சல் கொண்டு வரவர் தினம் அதுக்கு எதிர்ப்பாடம் நடத்திட்டிருப்பார், அது குரைக்குது, அவர் போறார், குரைச்சதாலதான் போனார்னு அது நினைச்சுக்குது!

விருந்தாளி கையா, நம்ம கையா, பின்னாடி வீசறதா

எனக்கு இதுதான் முக்கியமான இடம், ஏன்னா நல்ல எண்ணத்தோட நடக்கற விபத்தெல்லாம் இங்கதான் நடக்குது.

வந்தவர் உள்ளங்கையில டிரீட் வச்சு நீட்டறார். பயந்த நாய்க்கு வயிறு ஒரு பக்கம் இழுக்கும், பயம் இன்னொரு பக்கம் இழுக்கும். நல்லா கவனிச்சா பின்னங்கால் ரெண்டும் பழைய இடத்துலயே ஊணியிருக்கும், கழுத்து மட்டும் ரப்பர் மாதிரி நீண்டு வரும். டிரீட் இருக்கற வரைக்கும் பிரச்சனை இல்ல, முழுங்கி முடிச்சு தலையைத் தூக்கறப்பதான், அய்யய்யோ நான் இவ்வளவு பக்கத்துலயா இருக்கேன்னு அதுக்கு உறைக்குது, சரியா அந்த நொடியில வந்தவர் ஆசையா தலையைத் தடவ கையை மேல கொண்டு போறார். முதல் நாய் எங்க மாமா விரலைப் பிடுங்கினது இப்படித்தான். பெரிய காயமில்ல, ஆனா நாயும் மாமாவும் அதுக்கப்புறம் ஒரே ரூம்ல நிம்மதியா இருந்ததே இல்ல, அதுல நாயோட தப்பு கால் பங்கு கூட கிடையாது.

நம்ம கையால குடுக்கறது வேற கதை. இங்க நாய் யார்கிட்டயும் போக வேண்டியதில்ல. தூரத்துல ஆள் தெரியறார், நாய் பார்க்குது, அடுத்த நொடி நம்ம கையிலேர்ந்து வேகவச்ச சிக்கன் துண்டு. ஆள் மறைஞ்சா சிக்கனும் நிக்குது. இதை கவுண்டர் கண்டிஷனிங்னு சொல்வாங்க, ஒண்ணும் புதுசில்ல, 1924லயே மேரி கவர் ஜோன்ஸ்ங்கற உளவியல் ஆய்வாளர், முயலைப் பார்த்தா அலறின பீட்டர்ங்கற சின்ன பையனுக்கு இப்படித்தான் பயத்தைக் குறைச்சாங்க, பையன் பிடிச்ச தீனியை சாப்பிட்டுட்டு இருப்பான், முயல் கூண்டு தூரத்துல இருக்கும், அவன் நிம்மதியா சாப்பிடற அளவு பார்த்துப் பார்த்து கிட்ட கொண்டு வந்தாங்க. கவனிங்க, முயலோட கையிலேர்ந்து மிட்டாய் வாங்கிக்கோன்னு யாரும் அவனை அனுப்பல.

இதுல ரெண்டு இடத்துல எல்லாரும் கோட்டை விடுவாங்க, நானும் விட்டேன். ஒண்ணு வரிசை, ஆள் முதல்ல, டிரீட் அப்புறம். பெல் அடிக்கப் போகுதுன்னு நாம முன்கூட்டியே டப்பாவைத் திறந்தா, டப்பா சத்தம் கேட்டாலே யாரோ வரப்போறாங்கன்னு நாய் உஷாராயிடும், நல்ல டிரீட்டையும் கெடுத்த மாதிரி ஆயிடும். இன்னொண்ணு தூரம், பிடிச்ச தீனியை வேணாங்குதுன்னா பசி இல்லன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க, ஆள் ரொம்ப கிட்ட இருக்கார், பின்னாடி போங்க. இந்த வழியோட குறை என்னன்னா மெதுவா போகும், வாரக்கணக்குல ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், பொறுமை இல்லாதவங்களுக்கு கஷ்டம்.

மூணாவது, வந்தவரே வீசறது, ஆனா நாய்க்குப் பின்னாடி விழற மாதிரி. நாய் டிரீட்டுக்காக விலகிப் போகுது, அதாவது தீனியும் கிடைக்குது, ஆள்கிட்டேர்ந்து தூரமும் கிடைக்குது, ரெண்டும் அதுக்கு லாபம். சாப்பிட்டுட்டு அதுவா திரும்பி ரெண்டடி கிட்ட வந்தா அது அதோட முடிவு, டிரீட் இழுத்துட்டு வரல. இது வேடிக்கையாவும் இருக்கும், வந்தவருக்கும் ஏதோ செஞ்ச திருப்தி. ஆனா ஆளைப் பார்த்தாலே ஒளியற நாய்க்கு இது சீக்கிரம், முதல்ல நம்ம கை, அந்த ஆள் இருக்கறப்ப நிம்மதியா சாப்பிட ஆரம்பிச்சதும் வீசற விளையாட்டு. நேரா விருந்தாளி கையால குடுக்கறதை நான் லிஸ்ட்லேர்ந்தே எடுத்துட்டேன்.

வாசல்லயா, வெளியிலயா

வாசல் மாதிரி மோசமான அறிமுக இடம் வேற இல்ல. பெல் சத்தம், திடீர்னு கதவு திறக்குது, குறுகலான வழி, நேருக்கு நேரா கண்ணைப் பார்த்துக்கிட்டு ஒருத்தர் உள்ள வரார், நாய் மொழியில இதுல ஒண்ணு கூட மரியாதை கிடையாது. வெளியில கொஞ்சம் காலியான இடமா பார்த்து, நல்ல இடைவெளி விட்டு ரெண்டு பேரும் ஒரே திசையில நடங்க, நாய் நம்ம பக்கம், யாரும் யாரையும் பார்க்க வேணாம். பத்து பதினஞ்சு நிமிஷத்துல நாய் தரையை மோந்துக்கிட்டு வர ஆரம்பிச்சா இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கலாம், அப்புறம் அந்த ஆள் முன்னாடி வீட்டுக்குள்ள போய் உட்கார்ந்துடணும், நாய் பின்னாடி வரணும். உள்ள நுழையற ஆளைவிட, ஏற்கனவே உட்கார்ந்திருக்கற ஆள்கிட்ட நாய்க்கு பயம் கம்மி.

வெளியில போனாலே நடுங்கற நாய்க்கு இது சரிப்படாது, அதுங்களுக்கு ஒரு ரூம், நடுவுல பேபி கேட் (குழந்தைங்க தாண்டாம இருக்க வாசல்ல மாட்டற தடுப்பு), அந்தப் பக்கம் ஆள், அதுவே போதும். ரூம்ல விட்டா ஒதுக்கி வைக்கிற மாதிரி இருக்கேன்னு மனசு கேக்காதவங்க உண்டு, ஆனா கதவுக்குப் பின்னாடி எலும்பு கடிச்சுக்கிட்டு இருக்கற நாய் நம்மளைத் திட்டிக்கிட்டு இருக்காது.

உறுமினா அதட்டறதா

இதுல ஒப்பிட பெருசா ஒண்ணுமில்ல. உறுமறது அலாரம், அதட்டி அதட்டி அலாரத்தைக் கழட்டிட்டா பயம் உள்ளயே இருக்கும், அடுத்த தடவை சொல்லாம கடிக்கும். அமெரிக்காவுல விலங்கு நடத்தை பார்க்கற கால்நடை டாக்டருங்களோட சங்கம் 2021 அறிக்கையில, நடத்தைப் பிரச்சனை உட்பட எல்லா டிரெயினிங்குக்கும் பரிசு குடுத்து பழக்கற முறைதான்னு நேரடியாவே சொல்லிருக்கு. உறுமினா ஆளை நகரச் சொல்லுங்க, அவ்வளவுதான். கடிக்கும்னு சந்தேகம் இருந்தா கூடை மாதிரி இருக்கற மசில் (வாய்ப்பூட்டு) போட்டு முன்கூட்டியே பழக்குங்க, அதுல மூச்சிரைக்கவும் டிரீட் வாங்கவும் முடியும், வாயை இறுக்கிக் கட்டற துணி மசில்ல ரெண்டும் சரியா முடியாது.

மருந்து

டிரெயினிங்கா மருந்தான்னு கேக்கறதே தப்பான கேள்வின்னு நினைக்கிறேன். எவ்வளவு தூரத்துல ஆள் இருந்தாலும் தீனி தொடாத நாய்க்கு எதுவுமே மண்டையில ஏறாது, அந்த மாதிரி நாயை கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க, முதல்ல வலி ஏதாவது இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க, காது வலி மூட்டு வலி இருக்கற நாய் தொட விடாது. ஃப்ளூஆக்ஸிடின் மாதிரி தினசரி மாத்திரை குடுத்தா பலன் தெரியவே 4லேர்ந்து 6 வாரம், சிலதுக்கு அதுக்கு மேலயும் ஆகும், அதுவும் பயத்தைத் தணிக்கத்தான், பழக்கற வேலை நம்மளுது. மனுஷங்க மாத்திரையை நாமளா உடைச்சு குடுக்கற வேலை மட்டும் வேணாம்.

ரெண்டாவது நாய் வந்து இப்ப அஞ்சு மாசம் முடியுது. போன வாரம் மாமா வந்தார், வெளியில நடந்தோம், உள்ள வந்து சேர்ல பக்கவாட்டா உட்கார்ந்தார், கையைக் கட்டிக்கோங்க மாமா, கீழ பார்க்காதீங்கன்னு நாலு தடவை சொல்லி வச்சிருந்தேன். நாய் வந்து அவர் ஷூவை ரெண்டு தடவை மோந்துச்சு, மூணாவது தடவை சாக்ஸை மோந்துச்சு, அப்புறம் போய் அதோட மேட்ல படுத்துக்கிச்சு. அவர் குனியவே இல்ல. வீட்டுக்குப் போறப்ப, அடுத்த தடவையாவது தொடலாமான்னு கேட்டார், அது வந்து உங்க முழங்கால்ல இடிச்சா மார்புல மூணு நொடி தடவிட்டு கையை எடுத்துடுங்க, மறுபடி இடிக்குதான்னு பார்ப்போம்னு சொல்லிருக்கேன்.