ஏக்கருக்கு 1,500 ரூபா கொடுத்து என் நெல்லைக் கோதுமையாக்கிய கதை

மட்டக்களப்பு மண்டூர்ப் பக்கம் வேளாண்மை செய்கிறவர்கள் கொஞ்சம் கவனமாக இருங்கள். கைக்கருவியால் பயிரைப் பார்த்து யூரியா அளவு சொல்வதாக ஆட்கள் வருகிறார்கள்.

போன பெரும்போகத்தில், விதைத்து ஒரு மாதத்தில் ஒரு தம்பி வந்தார். ஏக்கருக்கு 1,500 ரூபா, ஐந்து ஏக்கர். விசையை அழுத்திப் பிடித்தபடி வரம்பாலேயே நடந்தார், வயலுக்குள் கால் வைக்கவில்லை. பயிரின் பச்சையைக் காட்டும் எண் திரையில் 0.74. கைபேசியில் ஏதோ தட்டிவிட்டு, "அண்ணே, பயிர் நல்ல பச்சை. இந்த முறை யூரியா வேணாம்" என்றார். 2021 இரசாயனப் பசளைத் தடையில் பட்ட பாட்டுக்கு அப்புறம், யூரியா மிச்சம் என்று யாராவது சொன்னால் நமக்குக் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது.

பத்து நாளில் வயல் மஞ்சளடித்தது. வரம்போரம் மட்டும் பச்சை. குனிந்து பார்த்தால் கோரையும் நெற்சப்பியும், எல்லாம் களை! கருவிக்கு நெல்லும் புல்லும் ஒன்றுதான். சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரையும் அடித்து, திரும்பி வருவதை வைத்து ஓர் எண்ணைக் காட்டும். யூரியா எத்தனை கிலோ என்பது அதற்குப் பிறகு போடுகிற கணக்கு.

அந்தக் கணக்கில்தான் கோளாறு. விவசாயப் போதனாசிரியரிடம் போனேன். "கூடுதலாப் பசளை போட்ட பட்டை எங்க?" என்றுதான் முதலில் கேட்டார். அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் கோதுமைக்கு இந்த முறையை உருவாக்கியவர்கள், வயலில் நீளமான ஒரு துண்டுக்கு, அதாவது பட்டைக்கு, முன்கூட்டியே தாராளமாக நைதரசன் போடச் சொல்கிறார்கள். அந்தப் பட்டையின் எண்ணோடு மற்ற இடத்து எண்ணை ஒப்பிட்டால்தான் பயிருக்கு இன்னும் பசளை தேவையா என்று தெரியும். என் வயலில் பட்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

தம்பி வட்ஸ்அப்பில் அனுப்பிய அறிக்கையைத் திறந்து கொடுத்தேன். போதனாசிரியர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, மேலே சின்ன எழுத்தில் இருந்ததை வாசித்தார்: "பயிர்: கோதுமை." நவகிரிக் கண்டத்து நெல் வயலில் கோதுமை!

ஓடிப்போய் யூரியா எறிந்தும் ஏக்கருக்கு எட்டு மூட்டை குறைந்தது. தம்பிக்கு அழைத்தால், மழைதான் காரணமாம். அடுத்த அழைப்பை எடுக்கவே இல்லை.

பக்கத்து வயல் மச்சான், இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கிற இலை நிற அட்டையோடு வயலுக்குள் இறங்கி, முழுதாக விரிந்த இளம் இலை பத்தை, தன் நிழலில் வைத்துப் பார்த்துத்தான் யூரியா போட்டார். அவருக்குக் குறையவில்லை.

கருவிக்காரர் இப்போது வெல்லாவெளிப் பக்கம் திரிகிறாராம். வந்தால் பட்டை எங்கே, கணக்கு எந்தப் பயிருக்கு என்று கேளுங்கள். காசை அப்புறம் எடுக்கலாம்.