ரிமோட் பாய்மரப் படகுக்கு வின்ச் வாங்குறவங்க, காசு கொடுக்கும் முன்னாடி இதைப் படிச்சிருங்க

கோவையில் ரிமோட் கார், ட்ரோன் சாமான் விற்கும் ஒரு கடையில் என் ஒரு மீட்டர் படகுக்கு வின்ச் (பாயை இழுத்து விடுகிற நூலைச் சுற்றும் மோட்டார்) வாங்கி, பாய் கட்டுற வேலையையும் அங்கேயே கொடுத்தேன். கூலியோடு சேர்த்து 6,800 ரூபாய். கடைப் பேர் கேட்காதீங்க, போட மாட்டேன்.

வின்ச் என்று அவங்க மாட்டி விட்டது 360 டிகிரி சர்வோ. சர்வோ என்றால் ரிமோட் சொல்றபடி திரும்புற சின்ன மோட்டார்; 360 என்பது நிற்காமல் சுற்றுற வகை. வெளியே பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான்: சின்ன டப்பா, மூணு வயர், மேலே டிரம். நிஜ வின்ச் பல சுற்று சுற்றினாலும், ரிமோட்டில் ஸ்டிக் எங்கே இருக்கிறதோ அதற்குரிய சுற்றில் போய் நின்றுவிடும். 360 சர்வோ ரோபோ வண்டிச் சக்கரத்துக்கு மாட்டுறது. எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்பதை மட்டும்தான் ஸ்டிக் அதற்குச் சொல்லும். எங்கே நிற்கோணும் என்று அதுக்குத் தெரியவே தெரியாது.

சூலூர் குளத்தில் இறக்கினேன். ஆடி மாசம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாயை இழுக்க ஸ்டிக்கை நகர்த்தினால், பூம் (பாயின் அடிப்பக்கக் குச்சி) நடுவுக்கு வந்த பிறகும் டிரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நூல் டிரம்மை விட்டு வழுக்கி அச்சில் சிக்கி, கப்பியைப் பிடுங்கிவிட்டது. இறுகிப்போன மோட்டார் பேட்டரியை உறிஞ்ச, அதே பேட்டரியில் ஓடும், ரிமோட் சிக்னலை வாங்குகிற ரிசீவரும் அணைந்தது. அப்புறம் சுக்கானும் போச்சு. பரிசலில் மீன் பிடிச்சிட்டிருந்த பெரியவர்தான் இழுத்து வந்து கொடுத்தார். "ஏந்தம்பி, இதுல மோட்டாரே வெக்கலீங்களா?" என்றார்.

கடையில் கேட்டதுக்கு, "ரிமோட்ல ட்ரிம் பண்ணிப் பாருங்ணா, செட் ஆயிரும்." ட்ரிம் என்பது ஸ்டிக்கின் நடுப்புள்ளியைக் கொஞ்சம் நகர்த்துறது. அதைப் பண்ணினால் ஸ்டிக் நடுவில் இருக்கும்போது சுற்றாமல் நிற்கும், அவ்வளவுதான். அடுத்த தடவை, "உள்ள தண்ணி போயிருக்குது, வாரண்டி வராதுங்ணா." படகுக்கு என்று விற்ற சாமானில் தண்ணி படக் கூடாதாம்!

பாய் கட்டின லட்சணம் தனிக்கதை. பெரிய பாயும் முன்பாயும் ஒரே வின்ச்சில் ஓடுவதால் இரண்டு நூலும் ஒரே அளவுதான் நகரும். அதனால் பூம் திரும்புகிற இடத்திலிருந்து நூல் கட்டும் இடம் வரைக்கும் இரண்டு பூமிலும் ஒரே தூரம் இருக்கோணும். இவங்க பெரிய பூமில் 25 செ.மீ., முன்பூமில் 15 செ.மீ. வைத்துக் கட்டியிருந்தாங்க. பெரிய பாய் பாதி திறக்கும்போதே முன்பாய் அகலமாகத் திறந்து படபடவென்று அடிக்கிறது. போதாததுக்கு, கட்டியது இழுத்தால் நீளுகிற தையல் நைலான். பின்னல் தூண்டில் நூல் போட்டிருக்கோணும். நூல் தொய்யாமல் பிடித்து வைக்க, நூல் சுற்றி ஓடுகிற லூப்பில் எலாஸ்டிக்கும் இல்லை. எலாஸ்டிக்குக்குத் திருப்பூர் பக்கத்தில் பஞ்சமா?

சுற்றுக் கணக்கையும் கேட்டு வாங்குங்க. 25 செ.மீ.-இல் நூல் கட்டினால், பாய் நடுவிலிருந்து முழுசாகத் திறக்க சுமார் 35 செ.மீ. நூல் ஓடும். என் டிரம் விட்டம் 38 மி.மீ., ஒரு சுற்றுக்கு சுமார் 12 செ.மீ.; ஆக மூணு சுற்று. சாதா சர்வோவைக் காட்டி "இதுவே போதும்" என்றால் நம்பாதீங்க, அது கால் சுற்று, அரைச் சுற்றுதான்.

கடையிலேயே பார்த்துவிடலாம். நூல் கட்டாமல் ரிசீவரில் சொருகி, டிரம்மில் பேனாவால் ஒரு கோடு போடுங்க. ஸ்டிக்கை ஒரு கோடிக்குத் தள்ளி அப்படியே பிடிங்க. சில சுற்றில் தானாக நின்றால் வின்ச். நிற்காமல் சுற்றினால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்க. பில்லில் "செயில் வின்ச்" என்றும் எத்தனை சுற்று என்றும் எழுதி வாங்குங்க. என் பில்லில் "சர்வோ 1" என்று மட்டும்தான் இருக்கு, அதை வைத்துத்தான் இப்போ வாதாடுறாங்க.

பாதிப் பணத்துக்கு வேறு சாமான் எடுத்துக்கச் சொன்னாங்க, மாட்டேன்னுட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். என்ன பதில் வருதோ, வந்ததும் போடுறேனுங்க.